உப்பில்லா விரதமும் வெள்ளை மாத்திரையும்

1

பரளச்சி வட்டாரத்துச் சொந்தக்காரர்களுக்கும், அருப்புக்கோட்டையில் என்னோடு ஹோட்டல் வேலை பார்த்தவர்களுக்கும் இங்கிலாந்திலிருந்து கருப்பையா எழுதுகிறேன். வழக்கமாக நான் எழுதுவது குளிரைப் பற்றியும் பிள்ளை படிப்பைப் பற்றியும் நாலு வரி. இது அப்படி இல்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுத முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருக்கிறேன். எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். தண்ணீர் மாத்திரைக்காக. சந்தோஷம் என்னுடையது. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆனால் வரலாமா கூடாதா என்பது நேற்று மதியம் வரைக்கும் என் கையில் இல்லை. பாதி டாக்டரம்மா கையில், பாதி நம் கோயில் ஆத்தா கையில். இவுக ரெண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவருக்குத் தமிழ் தெரியாது. இன்னொருவருக்கு இங்கிலீஷ் கேட்டுப் பழக்கமில்லை. நடுவில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன நான்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு நோய் இருக்கிறது. பைபோலார் என்று பெயர். தமிழில் இருதுருவக் கோளாறு என்று அச்சடித்த தாள் ஒன்றை இங்கே கொடுத்தார்கள். அதற்கு இங்கிலீஷே தேவலை. மனசு ஒரு சமயம் ராட்டினத்து உச்சிக்குப் போய் இறங்கமாட்டேன் என்று நிற்கும். இன்னொரு சமயம் கிணற்றுக்குள் போய் ஏறமாட்டேன் என்று கிடக்கும். ஊரில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை. சுகர் இருக்கு, அதுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தோம். இன்றைக்குச் சொல்கிறேன். என் மனைவி பஞ்சவர்ணத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுங்க, ஆனா உங்க கதையை மட்டும் சொல்லுங்க, என் தம்பி கல்யாணத்துச் சண்டையெல்லாம் இழுக்காதீக" என்றாள். இழுக்கவில்லை.

2

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், எனக்குத் தூக்கம் போனது. இங்கே ஒரு சைவ ஹோட்டலில் சமையல் வேலை. முதல் நாள் தூங்கவில்லை, மறுநாளும் இல்லை, களைப்பு என்பதே கிடையாது. பத்துக் கை முளைத்த மாதிரி இருந்தது. முதலாளி ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்த அரிசியையும் பருப்பையும் ஒரே காலையில் பொங்கலாக்கிவிட்டேன். ஆத்தா என் தோளில் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டு, சோறு போடு என்கிறாள். அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பஸ் நிற்கிற இடத்தில் நின்று, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் பொங்கல் வைத்தேன். மழை வேறு. ஒரு வெள்ளைக்காரக் கிழவி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, மிளகுதான் ஜாஸ்தி என்றாள். அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வந்த போலீஸ் என்ன கேட்டார்கள் என்பது ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் விடாமல் சொன்னது ஒன்றுதான். எனக்கு நோய் இல்லை, சாமி வந்திருக்கிறது. பஞ்சவர்ணம் அதற்கு ஒரு பதில் சொன்னாள்.

"சாமி வந்தா திருநீறு போட்டதும் மலையேறிரும்ங்க. தண்ணி கேக்கும், குடிச்சிட்டு உக்காந்துரும். இது நாலு நாளா எறங்கலையே. ஆத்தா ஒரு ஆளைப் போட்டு இம்புட்டு நேரம் வதைக்க மாட்டா."

ஊரில் எத்தனையோ சாமியாடிகளைப் பார்த்தவள் அவள். டாக்டர்கள் பக்கம் பக்கமாக எழுதினதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்கு அது ஏறவில்லை. அவளைத் திட்டினேன்.

மேலே போனது கீழே வந்தது. ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். குளிக்கச் சொன்னால் அழுவேன். அந்தக் கிணற்றுக்குள் கிடந்துதான் நேர்ந்துகொண்டேன். ஆத்தா, என் மனசை ஒரு நிலைக்குக் கொண்டுவா, வருஷா வருஷம் பங்குனியில் காப்புக் கட்டின நாளிலிருந்து பொங்கல் வரைக்கும் எட்டு நாளும் உப்பில்லாமல் சாப்பிட்டு விரதம் இருக்கிறேன், ஒரு பங்குனிக்கு ஊருக்கே வந்து உன் சன்னதியில் முடிக்கிறேன் என்று.

உப்பில்லா விரதம் எனக்குப் புதிசு இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மை போட்டுத் தப்பித்ததற்காக முதல் முறை இருந்தேன். இப்போது நம் கோயில் பூசாரியாக இருக்கிற சோலைக்கும் அதே வருஷம் அம்மை. ரெண்டு பேரும் சேர்ந்தே விரதம். பங்குனி வெயிலில் கருவேலங்காட்டு வழியே பள்ளிக்கூடம் போகும்போது புறங்கையில் வேர்வை வழியும். அதை நக்கினால் விரதம் முறியுமா முறியாதா என்று நாங்கள் போட்ட சண்டையில் சோலையின் சட்டை கிழிந்தது. தன் வேர்வையைத் தான் நக்கலாம் என்பது அவன் கட்சி. அவன்தான் பிற்பாடு பூசாரி ஆனான்.

நான் நேர்ந்துகொண்ட சில நாளில் டாக்டர்கள் லித்தியம் என்கிற வெள்ளை மாத்திரையை ஆரம்பித்தார்கள். மெல்ல மெல்ல மனசு நிலைக்கு வந்தது. மாத்திரை கேட்டதா, ஆத்தா கேட்டாளா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவனுக்குப் புத்தியைக் கொடுத்தது யார்?

3

அந்த மாத்திரையோடு குடித்தனம் நடத்தப் பழகியதைச் சொல்ல வேண்டும்.

முதலில் நாக்கு போனது. பழைய இரும்புச் சாவியைச் சப்புகிற ருசி எந்நேரமும். சமையல்காரனுக்கு நாக்குப் போனால் என்ன மிச்சம்? நல்லவேளை, நம் பக்கம் சாமிக்குப் படைக்கிற சமையலை ருசி பார்க்கக் கூடாது. உப்பைக் கை அளவிலும் வாசத்திலும் போட்டுப் பழகினவன் நான். குழம்பு கொதி வருகிறபோது உப்புப் போதுமா போதாதா என்று மூக்கே சொல்லிவிடும். அப்படித்தான் வேலை தப்பியது. அடுத்தது கை நடுக்கம். தோசைக்கல்லில் மாவைத் தேய்த்தால் ஓரமெல்லாம் வெட்டுக்கிளி கடித்த இலை மாதிரி வரும். இங்கே அதையும் ஒரு அலங்காரம் என்று நினைத்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் தாகம். திருச்சுழிப் பொட்டலில் ஆடு மேய்க்கிறவனுக்குக் கூட அப்படித் தாகம் எடுக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். ரத்தத்தில் மருந்து குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் மருந்தே விஷம். நடுவில் ஒரு வரப்பு. அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

டாக்டரம்மா நல்லவர். ஆனால் அவரிடம் பேசுவது எப்படி? மொழிபெயர்க்க ஆள் தருகிறோம், போனில் பேசுவார்கள் என்று முதல் நாளே சொன்னார்கள். முகம் தெரியாத ஆளிடம் என் மனசை எப்படித் திறப்பேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். என் மகள் பிரியதர்ஷினியைக் கூட்டிப் போனேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயசு. பிள்ளையைக் கூட்டி வராதீர்கள் என்று அவர்கள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது என் தப்பு. இன்றைக்குத் தெரிகிறது.

நான் கால் மணி நேரம் சொல்வேன். அவள் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள். என்ன தாயி, இம்புட்டுத்தானா என்று கேட்டால், "நீ சொன்னதுல பாதி ஊர்க்கதைப்பா" என்பாள். அதுவும் வாஸ்தவம்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ப்ரீ என்று பெயர். வீட்டில் அவள் அறைக் கதவு மூடியே இருக்கும். சாப்பிடும்போதும் போன். ஆனால் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் போதும், போனிலிருந்து தலை நிமிரும். என் கண்ணைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள். நான் சிரிப்பை விழுங்கிவிடுவேன். எங்கள் வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தால்தான் எல்லாருக்கும் பயம். நாலு வருஷம் அப்படிப் போனது. அவள் வெளியூர்க் கல்லூரிக்குப் போன அன்றைக்கு அழுதது நான் மட்டும்தான்.

இன்னொன்று. மகள் போன பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷோடு நானே போய் வந்தேன். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் மனசு எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்பார். நான் எப்போதும் பத்து என்பேன். இவ்வளவு மெனக்கெட்டுப் பார்க்கிற டாக்டரிடம் ஐந்து, ஆறு என்று சொன்னால் அவர்களைக் குறை சொன்ன மாதிரி இருக்காதா? நம் ஊரில் டாக்டர் எப்படி இருக்கு என்று கேட்டால், உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் என்றுதானே சொல்வோம். அந்த மரியாதையில் பத்து. மூன்று தடவை பத்து சொன்னதும் டாக்டரம்மா, இந்த ஆள் மறுபடி ராட்டினம் ஏறுகிறார் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டிவிட்டார். மகள் விடுமுறைக்கு வந்தபோதுதான் விளக்கினாள். "பத்துன்னா நோய்ப்பா. ஆறு, ஏழுதான் நல்ல மனுசன்." பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஆறு வாங்கியிருந்தால் எங்கள் வாத்தியார் என்னை நம்பியிருக்கவே மாட்டார்.

ஆனால் கூட்டின மாத்திரையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கொடுத்ததைக் குறை சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

4

போன பங்குனி. ஒரு வருஷம் ஆகப் போகிறது.

அதற்கு முந்தின வருஷங்களிலும் எட்டு நாள் உப்பில்லாமல் இருந்திருக்கிறேன். மாத்திரை அளவு குறைவு என்பதால் தப்பித்தேன் போலிருக்கிறது. போன வருஷம் அளவு கூடுதல். தினமும் உப்பில்லாச் சோறு, உப்பில்லா மோர், அடுப்படிச் சூட்டில் பத்து மணி நேர வேலை. எனக்கு ஒரு பெருமை வேறு. இங்கே ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் உப்பைக் குறையுங்கள் என்று ஒட்டியிருப்பார்கள். ஆத்தாவுக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்கிறோம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் கை நடுக்கம் கூடிக் கரண்டி விழுந்தது. ஆறாம் நாள் வாந்தி. ஏழாம் நாள் காலையில் அடுப்படியில் நடக்கிறேன், தரை தொட்டில் மாதிரி ஆடுகிறது. பேசினால் நாக்குக் குழறுகிறது. குடித்திருக்கிறான் என்று கூட வேலை பார்க்கிறவன் நினைத்தான். அப்படியே அண்டா பக்கத்தில் விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். லித்தியம் வரப்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. மகள் ரயில் பிடித்து வந்துவிட்டாள். அவளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாத்திரை கூடப் போட்டீர்களா? இல்லை. வேறு மருந்து? இல்லை. சாப்பாட்டில் ஏதாவது மாற்றம்? இல்லை என்றேன். மகளும் இல்லை என்றாள். நான் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்பது சாப்பாடு. விரதம் என்பது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள காரியம். அதை வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்கிற கேள்விக்குப் பதிலாகச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மகளுக்கு நான் விரதம் என்பதே தெரியாது. பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைக்கிற கிரேஸ் என்கிற அம்மா. ஆப்பிரிக்காக்காரர், கழுத்தில் சிலுவை. நான் சூப்பைத் தொடாமல் தள்ளுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என்று கையைக் காட்டினார். நான் சூப்பைக் காட்டி "நோ சால்ட்" என்றேன், பிறகு மேலே கையைக் காட்டிக் கும்பிட்டேன். அவ்வளவுதான். அந்த அம்மாவின் கண் விரிந்தது. கடவுளுக்காகவா, எத்தனை நாளாக என்று கேட்டார். ஏழு விரலைக் காட்டினேன். தன் சர்ச்சிலும் உபவாசம் உண்டாம், அவரும் இருப்பாராம். அதையெல்லாம் பாதி விளங்கியும் விளங்காமலும் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் எழுந்து வேகமாகப் போனார். ஐந்து நிமிஷத்தில் ரெண்டு டாக்டர் ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, காலையிலிருந்து என் கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டில் உப்புத்தண்ணீர் என்று. வாயில் ஒரு கல் உப்புப் படாமல் ஏழு நாள் காத்த விரதம் ரத்தம் வழியாக முறிந்துவிட்டது. விசும்பி விசும்பி அழுதேன். வலிக்கிறதா என்று நர்ஸ் ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டு, "உசிரு பொழச்சிருக்கு, இவுக உப்புக்கு அழுகிறாக" என்றாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு நானே கேட்டேன், போனில் மொழிபெயர்க்கிற ஆளைக் கூப்பிடுங்கள், என் மகளை இனிமேல் இதற்கு நிறுத்தாதீர்கள் என்று.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். பெயர் சொல்லக் கூடாதாம், ஒரு நம்பர் சொன்னார். குரல் மட்டும்தான். டாக்டர் சொல்லச் சொல்ல அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை மனசில் நிற்கிறது.

"ஐயா, உப்புக் குறைஞ்சால் உங்கட உடம்பு பயந்துபோய், இந்த மருந்தையே உப்பெண்டு நினைச்சு வெளியில விடாமல் பிடிச்சு வச்சிருக்கும். அது சேர்ந்து சேர்ந்துதான் நஞ்சாகினது. இந்த மருந்தும் ஒரு விதமான உப்புத்தான், ஐயா."

உப்பைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், விரதம் என்றால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள், உப்பில்லா விரதம் மட்டும் இனி வேண்டவே வேண்டாம். இவ்வளவும் டாக்டர் சொன்னது. நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நொறுங்கிப் போனேன். ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்கு?

5

மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார்கள். கை நடுக்கம் பாதியாகக் குறைந்தது. சாவி ருசி கூடக் கொஞ்சம் விட்டது. எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது தை பிறந்தது, மாசி வந்தது, பங்குனிக்கு நாள் எண்ண ஆரம்பித்தேன். விரதத்தை விட்டால் ஆத்தா குற்றம். மாத்திரையை விட்டால் அண்டாவோடு மறுபடி பஸ் நிற்கிற இடம். எட்டே நாள்தானே, எட்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்தினால் என்ன என்றும் ஒரு யோசனை ஓடியது. அதைப் பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கையால்தான் மாத்திரை.

கடைசியில் சோலைக்குப் போன் போட்டேன். கோயில் இல்லாத நாளில் அவன் பரளச்சிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். பாளையம்பட்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏலே, டாக்டர் சொன்னான்னு ஆத்தாளுக்கு நேந்ததை மாத்துவியோ? நாளைக்கு மழை பெய்யலன்னா உன் டாக்டரா வந்து கம்புக்குத் தண்ணி பாய்ச்சுவான்?" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுகர் இல்லை என்பதை, பஸ் நிற்கிற இடத்தை, விழுந்ததை, ரத்தத்தில் ஏறின உப்பை. மாத்திரையே ஒரு உப்பாம்டா என்றும் சொன்னேன். அதற்கு அவன் சிரித்த சிரிப்பில் ஆட்டோவில் இருந்தவர்கள் பயந்திருப்பார்கள்.

"அப்ப நீ இத்தனை வருசமா விரதமே இருக்கலையேலே. தினம் ஒரு உப்பை முழுங்கிட்டு, உப்பில்லா விரதம்னு ஆத்தாளை ஏமாத்திருக்கே."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவன் குரல் இறங்கியது. "நம்ம கோயிலுக்கு வாரவுகள்லயும் ரெண்டு மூணு பேரு இந்த மாதிரி மாத்திரைதாம்லே. எல்லாரும் சுகருன்னுதான் சொல்லுதாக" என்றான். அவுகளும் உப்பில்லாமல் இருக்காகளா என்று கேட்டேன். இருக்கத்தான் செய்வாக, யாரு கேட்டா என்றான்.

அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் மாத்திரை லித்தியம் என்றால், காப்புக் கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் போய்ப் பாருங்கள். விரதத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், நீங்களாக உப்பையும் நிறுத்தாதீர்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, சூப்புக் கொண்டுவந்த அம்மாதான் கண்டுபிடித்தார்.

சோலை ரெண்டு நாள் டைம் கேட்டான். வெள்ளிக்கிழமை சன்னதியில் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லியிருக்கிறான். வெள்ளை வந்தால் விரதத்தை மாற்றிக்கொள்ள ஆத்தா சம்மதம். நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளைதாம்லே" என்றான். "ஆத்தா கணக்கு இதுதான். எட்டு நாளும் நீ ஒழுங்கா உப்புப் போட்டுத் தின்னு. எட்டு நாளைக்கு நீ திங்காம விட்டுருப்பியே, அம்புட்டு உப்பைக் கொண்டாந்து சன்னதியில கொட்டு. அவளுக்கு வேண்டியது உப்பு. அது உன் நாக்குல இருந்து வந்தா என்ன, கடையில இருந்து வந்தா என்ன?"

நம் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டிக் கும்பிடுவது காலம்காலமாக உள்ளதுதானே. எனக்கு எப்படி இது தோன்றாமல் போனது? புளிக் கையோடு அடுப்படியிலேயே விழுந்து கும்பிட்டேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியுமா என்று பதறிப் போனார்.

அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

6

ஆத்தா சம்மதித்துவிட்டாள். டாக்டரம்மா பாக்கி.

பங்குனி வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும் மருந்து கூடும், அதனால் பிரயாணத்துக்கு முன் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும், வீட்டு ஆள் ஒருவரும் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. பஞ்சவர்ணத்துக்கு வேலை. மகளைக் கேட்டேன். மொழிபெயர்க்க இல்லை, சும்மா உட்கார மட்டும் என்றேன். நேற்றுக் காலை ரயிலில் வந்தாள்.

யாழ்ப்பாணத்து அம்மாவே போனில் கிடைத்தார். குரலைக் கேட்டதும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். போன வாரம் எடுத்த ரத்தம் வரப்புக்குள் இருந்தது. மாத்திரையை விடவில்லை. உப்பு வழக்கம் போல. ஊரில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டேன். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்விட்டு வருவேன். அக்கினிச்சட்டி எடுக்கமாட்டேன். டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அந்தத் திருவிழா எப்படி இருக்கும் என்று அவர் ஒரு வார்த்தை மரியாதைக்குக் கேட்டார். அவ்வளவுதான். கொட்டுச் சத்தம், முளைப்பாரி, சர்க்கரைப்பொங்கல், ஊரே மஞ்சளாகப் போவது எல்லாம் என் வாயிலிருந்து ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. மொழிபெயர்க்கிற அம்மாவுக்கு மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. ஆத்தாளின் சப்பரம் தெருமுனையில் எப்படித் திரும்பும் என்று எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என் கையைப் பார்த்தார். பிறகு என் மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். போனில் அந்த அம்மா அதையும் கடமையாகச் சொன்னார்.

"மகளிட்டக் கேக்கிறா, அப்பா வழமையைவிட வேகமாக் கதைக்கிறாரோ எண்டு."

விரித்த கையோடு அப்படியே நின்றேன். எல்லாம் போயிற்று என்று தெரிந்தது. அவள் ஆம் என்றால் டிக்கெட் இல்லை, ஊர் இல்லை. ஆம் என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. நான் சிரித்தால் நிமிர்ந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை. நான் உட்கார்ந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனப்பா?"

"ஏழு. உங்கம்மா எழுப்பித்தான் எந்திரிச்சேன்."

"அங்க போயி அன்னதானம் எதுவும் போடப் போறியா?"

"இல்ல தாயி. எனக்கு ஒரு வாய் கெடைச்சாப் போதும்."

என் கண்ணை நன்றாகப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். நாலு வார்த்தைப் பிள்ளை, நிறுத்தாமல் பேசினாள். எனக்கு நடுவில் நடுவில் அப்பா, அப்பா என்பது மட்டும் விளங்கியது. அவள் நிறுத்த நிறுத்த, போனில் அந்த அம்மா அதை எனக்குத் தமிழாக்கிக்கொண்டே வந்தார். என் மகளின் மனசை நான் முதல் முதலாகக் கேட்டது முன்பின் தெரியாத ஒருவரின் யாழ்ப்பாணத் தமிழில்.

"அப்பா சிரிச்சால் எனக்குப் பதினாலு வயசிலயிருந்து பயம். நோய் வந்த நேரம் அப்பா கதைச்சுக்கொண்டே இருப்பார், ஆனால் எங்களைப் பார்க்கமாட்டார், எங்களைத் தாண்டி வேற எங்கேயோ பார்ப்பார். இண்டைக்கு அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் கதைச்சவர். நான் சிரிக்கிறனோ எண்டு பார்த்துப் பார்த்துக் கதைச்சவர். இது நோய் இல்லை, டொக்டர். இது அப்பா ஊருக்குப் போற சந்தோசம்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து, நான் பிரயாணம் போகலாம் என்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போய் வந்த வாரமே ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

முழங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

"என்னப்பா நிப்பாட்டிட்ட? சப்பரம் தெருமுனையில எந்தப் பக்கம் திரும்பும், அதைச் சொல்லு" என்றாள் மகள்.

எழுந்து நின்று காட்டினேன்.